பழைய ரயர் சொல்லும் பாதை

நவம்பர் பிறந்தால் எங்கள் கடை வாசலில் விடியமுன்னரே வாகனங்கள் வரிசை கட்டிவிடும். ஸ்காபரோவில் ரயர் மாற்றும் வேலையில் எனக்கு இது இருபத்திரண்டாவது குளிர்காலம். போன வருடம் அந்த வரிசையில் நின்ற ஒரு தம்பி, தன் ரொயோற்றா ராவ்4-ஐ விட்டு இறங்கியதும் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பெரிய பெரிய கட்டைகளும் அகன்ற பள்ளங்களும் வைத்து, பக்கச் சுவர்வரை பல் இறங்கிய முரட்டு ரயர்.

"அண்ணை, இதே மாதிரி நாலு போட்டுத் தாங்கோ. ஸ்நோவுக்கும் ஆச்சு, கொட்டேஜ் பக்கம் காட்டுப் பாதைக்கும் ஆச்சு."

படத்தைப் பார்த்துவிட்டு, குந்தியிருந்து அவருடைய பழைய ரயரைத் தடவினேன். புது ரயர் கேட்டு யார் வந்தாலும் பழையதைப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று கூட. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு ஓரம் மட்டும் கரைந்திருந்தால் அலைன்மென்ட் பிழை. பக்கச் சுவரில் வெட்டுக் காயம் இருந்தால் அந்த வாகனம் கற்பாறைகளுக்கு நடுவே போய் வந்திருக்கிறது. வாகனக்காரர் தன் பயணங்களைப் பற்றி நினைத்திருப்பது ஒன்றாக இருக்கும். ரயரில் பதிந்திருப்பது வேறொன்றாக இருக்கும். நான் ரயரை நம்புவேன்.

அந்தத் தம்பியின் நான்கு ரயர்களும் ஒரே அளவாக, வழவழவென்று தேய்ந்திருந்தன. பக்கச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளங்களில் இரண்டு மூன்று சரளைக் கற்கள் மட்டும். முழுக்க முழுக்க நெடுஞ்சாலையில் ஓடிய ரயர்.

"வேலைக்கு எங்கை போறனீங்கள், தம்பி?"

"பாரியிலை ஒரு ஆஸ்பத்திரியிலை வேலை. காலமை நாலரைக்கு வெளிக்கிடுவன்."

"காட்டுப் பாதைக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஹலிபேர்ட்டன் பக்கம். கோடையிலையும் இலையுதிர்காலத்திலையும் ஒரு நாலைஞ்சு தரம் போவம்."

ஸ்காபரோவிலிருந்து பாரிக்கு ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகப் போக, ஜோர்ஜியன் குடாவின் நீர்ப்பரப்பைத் தாண்டி வரும் குளிர்காற்று, வழியில் அள்ளிய ஈரத்தையெல்லாம் பனியாகக் கொட்டும். ஒரு நிமிடம் வானம் வெளித்திருக்கும். அடுத்த வளைவில் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர். அந்தப் பாதையில், விடியாத இருட்டில், வாரத்தில் ஐந்து நாள் போகிறவர் அவர். அவருடைய கேள்விக்கான விடையைத் தீர்மானிக்க வேண்டியது அந்தக் காலைகள்தான். ஹலிபேர்ட்டனில் ஒரு பாதை கடினமாகத் தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம். நோயாளிகள் காத்திருக்கும் வேலைக்குத் திரும்பி வர முடியாது.

ரயரில் முதலில் பார்க்க வேண்டியது கட்டைகளின் தோற்றத்தை அல்ல, றப்பரை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகப் போக ஓல் சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். மறை 15 பாகைக் காலையொன்றில் இரண்டு விதமான ரயர்களையும் பக்கத்தில் வைத்துப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஓல் சீசன் பலகைபோல் நிற்கும். குளிர்கால ரயர் நகத்துக்கு இடம் கொடுக்கும். தரையின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் றப்பர் இறங்கிப் பிடிப்பதுதான் பிடிமானம். இறுகிய றப்பரால் இறங்க முடியாது. ஒரு ரயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். ஒன்றரை தொன்னுக்கு மேற்பட்ட வாகனமும் அதற்குள் இருக்கும் குடும்பமும் நான்கு உள்ளங்கைகளை நம்பி ஓடுகின்றன.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இங்கே வந்த புதிதில் நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் ஒன்று வாங்கியிருந்தேன். அதுவே போதும் என்று பழைய ஓல் சீசன் ரயர்களோடு குளிர்காலத்துக்குள் இறங்கினேன். ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு சரிவுத் தெருவில் பிறேக்கை அழுத்தினேன். காலுக்குக் கீழே பிறேக் நடுங்கியது, வாகனம் நிற்கவில்லை. சந்தியை நோக்கி மெல்ல, மிக மெல்ல வழுக்கிக்கொண்டே போனது. பின் இருக்கையில் மகள் பள்ளிக்கூடப் பையோடு இருந்தாள். ஓரத்தில் குவித்திருந்த பனிமேட்டில் சில்லு முட்டியதால் நின்றோம். நான்கு சில்லும் இழுப்பது வெளிக்கிட உதவும், நிற்க உதவாது. நிறுத்துவது றப்பர் மட்டுமே. அன்றிலிருந்து, நான் ரயர் பூட்டி அனுப்பும் ஒவ்வொரு வாகனத்தின் பின் இருக்கையிலும் ஒரு பிள்ளை இருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

பக்கச் சுவரில் உள்ள அடையாளங்களை வாசிக்கத் தெரிய வேண்டும். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து, சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். அதற்குப் பனிச் சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று சிகர மலைக்குள் ஒரு பனித்துகள் பொறித்த அடையாளம் 1999இல் வந்தது. இறுகிய பனியில் ஒரு நியமத் தரத்து ரயரோடு ஒப்பிட்டு, அது 100 என்றால் இது ஏறத்தாழ 110 பெற வேண்டும். ஆனால் அந்தச் சோதனை வெளிக்கிடும்போது கிடைக்கும் இழுவையைத்தான் அளக்கிறது. பிறேக் பிடிப்பதையோ, கண்ணாடிப் பனிக்கட்டியில் நிற்பதையோ அளப்பதில்லை. அந்தத் தம்பி படத்தில் காட்டிய முரட்டு ரயரிலும் அதே அடையாளம் இருந்தது. பிறிஜ்ஸ்ரோன் பிளிசாக் என்ற குளிர்கால ரயரிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே பரீட்சையில் தேறியவைதான். பாரி நெடுஞ்சாலை வைக்கும் பரீட்சை வேறு.

பனிக்கட்டியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மறை 20 பாகையில் இருக்கும் பனிக்கட்டியைவிட, 0 பாகைக்கு அருகில் இருக்கும் பனிக்கட்டிதான் மோசம். அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், வழுக்குவது அதிலேதான். குளிர்கால ரயரின் கட்டைகளில் தலைமயிர் வகிடுபோல் நெருக்கமாக ஓடும் மெல்லிய கீறல்கள் அந்த நீரைத் துடைக்கின்றன. அதோடு நூற்றுக்கணக்கான விளிம்புகளாகத் தரையைக் கடிக்கின்றன. ஆங்கிலத்தில் இந்தக் கீறலுக்கு 'சைப்' என்று பெயர் வந்தது, 1920களில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜோன் சைப் என்பவரால். பிளிசாக்கின் றப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் உண்டு. அவையும் நீரை உறிஞ்சும். பின்லாந்தின் நோக்கியன் 1934இலேயே குளிர்காலத்துக்கென்று ஒரு ரயரைச் செய்தது. ஆணி பதித்த ரயர் கண்ணாடிப் பனிக்கு நல்லதுதான்; ஆனால் ஒன்ராறியோவில் வடபகுதி மக்களுக்குத்தான் அதற்கு அனுமதி, எங்களுக்கு இல்லை.

இனி அந்த முரட்டு ரயருக்கு வருகிறேன். அதைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர் என் மாமா. கிளிநொச்சியில் இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களை மாசி பெர்குசன் உழவு இயந்திரத்தால் உழுதவர். பின் சில்லின் உயர்ந்த கட்டைகள் சரிவாக நிற்பது ஏன் என்று சிறுவயதில் கேட்டேன். "சேத்தை உதறத்தான். உதறாட்டில் சில்லு களிமண் உருண்டை ஆயிடும். உருண்டை சுத்தும், போகாது" என்றார். சேற்று ரயரின் முழு அறிவும் அதற்குள் இருக்கிறது. அகன்ற பள்ளம், இடையிடையே வெளி, சுற்றும்போது சேற்றை எறிந்துவிடும் கட்டை.

பனி அப்படியல்ல. பனியைப் பனியே பிடிக்கும். கையில் அள்ளி அமத்தினால் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும் அல்லவா? குளிர்கால ரயர் தன் குறுகிய பள்ளங்களுக்குள்ளும் கீறல்களுக்குள்ளும் பனியைப் பிடித்து வைத்துக்கொண்டு, தரையில் உள்ள பனியோடு அதை உரசவிட்டு இழுவையைப் பெறுகிறது. சேற்று ரயர் உதற வேண்டும். பனி ரயர் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே ரயரிடம் முழுதாகக் கேட்க முடியாது. தம்பி காட்டிய ஓல் ரெரெயின் வகை இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட உடன்பாடு. ஆழப் பனியில் அது மோசமில்லை. துடைத்து, உப்புப் போட்டு, மீண்டும் உறைந்துபோன நெடுஞ்சாலையில்தான் அதன் குறை தெரியும்: பெரிய கட்டை, குறைந்த கீறல், குளிருக்கென்று செய்யப்படாத றப்பர்.

அந்த ரயரை நான் மறுக்கவில்லை. வடக்கே, பனி அகற்றும் வண்டி எப்போது வரும் என்று தெரியாத சரளைப் பாதையின் முடிவில் வீடு வைத்திருப்பவருக்கு, மலைச் சின்னம் உள்ள நல்ல ஓல் ரெரெயினை மனமாரப் பூட்டிவிடுவேன். பி.எஃப். குட்றிச் கே.ஓ.2 போன்றவற்றின் தடித்த பக்கச் சுவர் கூரான கருங்கல்லுக்கு ஈடுகொடுக்கும். ஆனால் இலகு பாரவண்டிகளுக்கான வகையை ராவ்4 போன்ற சிறிய எஸ்.யூ.வி.யில் பூட்டினால் பாரம் கூடும், எரிபொருள் கூடும், விறைத்த பக்கச் சுவர் ஒவ்வொரு குழியையும் முதுகுக்கு அனுப்பும். அந்த வாகனத்துக்கு அது தேவையில்லாத கவசம்.

தம்பிக்கு நான் சொன்னது இரண்டு தொகுதி. அவருடைய வாகனத்தில் 18 அங்குல றிம், 225/60 அளவு ரயர். குளிர்காலத்துக்கு 17 அங்குல இரும்பு றிம்மில் 225/65. கணக்கு எளிது. 225 மில்லிமீற்றர் அகலத்தில் 60 வீதம் 135. 65 வீதம் 146. றிம்மையும் இரண்டு பக்கச் சுவரையும் கூட்டினால் முதலாவது 727 மில்லிமீற்றர் உயரம், இரண்டாவது 724. மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம், வேகமானி பிழைக்காது. ஆனால் பக்கச் சுவரில் கூடிய 11 மில்லிமீற்றர் பனிக்காலக் குழிகளில் றிம்மைக் காக்கும். பிறேக் பாகங்களில் றிம் முட்டாது என்பதையும் எடை தாங்கும் எண் குறையாது என்பதையும் பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். தோற்றத்துக்காக அகலத்தைக் கூட்டவே கூடாது. அகன்ற ரயர் பனியின் மேல் ஏறி மிதக்கும், ஒடுங்கியது வெட்டிக்கொண்டு இறங்கும்.

மற்ற ஏழு மாதங்களுக்கு, பழைய 18 அங்குல றிம்மில், சிறிய எஸ்.யூ.வி.களுக்கென்றே செய்யப்படும் மிதமான ஓல் ரெரெயின். கோடையில் குளிர்கால ரயரோடு ஓடினால் மென்றப்பர் வெயில் தாரில் கரைந்துவிடும். பிறேக் தூரமும் கூடும்.

"இரண்டு செற் எண்டால் காசு கூடுமே, அண்ணை."

"முதல் வருசம் கூடும். பிறகு ஒண்டு ஓடேக்கை மற்றது தேயாமல் கிடக்கும். இன்சூரன்ஸிலையும் குறைப்பினம், கேளுங்கோ."

கியூபெக்கில் இது சட்டம்: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் சட்டம் இல்லை. ஆனால் 2016இலிருந்து காப்புறுதி நிறுவனங்கள் அதற்குக் கழிவு கொடுக்க வேண்டும்.

நான்கையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். முன்னுக்கு மட்டும் நல்ல றப்பர் போட்டால், வளைவில் பின்பக்கம் முந்தப் பார்க்கும். பக்கச் சுவரின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீற்றரை நெருங்கிவிட்டால், சட்டம் அனுமதித்தாலும், பனியில் ஓட வேண்டாம். காற்றை மறந்துவிடவே வேண்டாம். வெப்பநிலை ஐந்தரைப் பாகை குறைய ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. குறையும். கடைக்குள் 20 பாகைச் சூட்டில் 35 அடித்துவிட்டு, மறை 20 பாகைக்கு வெளியே போனால் 28தான் இருக்கும். காலையில், ஓட முன்னர் அளந்து அடியுங்கள். காட்டுச் சரளையில் மெதுவாகப் போகும்போது கொஞ்சம் இறக்குவது நல்லது. ரயர் கல்லின் மேல் மடிந்து பிடிக்கும். அப்படி இறக்குகிறவர் திரும்ப அடிக்கும் பம்பையும் கொண்டுபோக வேண்டும். காற்றுக் குறைந்த ரயரோடு நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

இந்த நவம்பரில் அந்தத் தம்பி திரும்ப வந்தார். ஓல் ரெரெயினைக் கழற்றிக் கீழே வைத்துப் பார்த்தேன். பள்ளங்களில் சிவப்புக் கருங்கல் துண்டுகள் இறுகியிருந்தன. ஒரு பக்கச் சுவரில் மெல்லிய சிராய்ப்பு. நகத்தால் தடவினேன், மேல்தோல் மட்டுமே.

"இந்த முறை காட்டுக்குள்ளை கூடப் போயிருக்கிறீங்கள்."

"எட்டுத் தரம் அண்ணை. எப்பிடித் தெரியும்?"

கற்களைத் திருப்புளியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பிறகு குளிர்கால ரயர்களை எடுத்தேன். நான்கிலும் ஒரே அளவு தேய்வு, ஓரம் நடு என்ற பேதமில்லாமல். காற்றை அவர் கவனித்திருக்கிறார். முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் பூட்டி, நட்டுகளை நட்சத்திர ஒழுங்கில் அளவு முறுக்கியால் இறுக்கினேன்.

"நூறு கிலோமீற்றர் ஓடிப்போட்டு ஒருக்கா வாங்கோ, நட்டைத் திருப்பி இறுக்கிப் பார்க்க வேணும்."

"நாளைக்குப் பின்னேரம் வாறன் அண்ணை" என்றார். ஒரு தரம் வேலைக்குப் போனாலே அவருக்கு நூறு வந்துவிடும்.