‘போயிங் 797’: இல்லாத விமானத்தின் பிறப்பிடம் தேடி

ஃப்ளைட் சிமுலேட்டர் என்பது விமானம் ஓட்டுவதைக் கணினித் திரையில் நிகழ்த்திக் காட்டும் மென்பொருள். அதனோடு சேர்ந்து வராமல், ஆர்வலர்கள் தம் ஓய்வு நேரத்தில் உருவாக்கி விலையின்றிப் பிறருக்கு வழங்கும் விமானங்களை அத்துறையில் ஈடுபாடு கொண்டோர் ஃப்ரீவேர் ஆட்-ஆன் என்கின்றனர். அத்தகைய விமானங்களுள் ‘போயிங் 797’ என்ற பெயரைச் சுமந்து உலவியவை தனிக் கவனத்துக்குரியவை, ஏனெனில் போயிங் நிறுவனம் அப்பெயரில் ஒரு பயணிகள் விமானத்தைச் சந்தைக்கு அறிவித்ததே இல்லை. அவற்றின் உருவமும் வழக்கமானதன்று: குழாய் போன்ற உடலும் அதில் பொருத்திய இறக்கைகளும் பின்னால் ஒரு வாலும் என்ற அமைப்பை விடுத்து, உடலே இருபுறமும் படிப்படியாக மெலிந்து இறக்கையாக மாறிவிடுகிறது, உடல் எங்கு முடிந்து இறக்கை எங்கு தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத இவ்வமைப்பைக் கலப்பிறக்கை என்று சொல்லலாம். இல்லாத ஒரு விமானத்துக்குப் பெயரும் உருவமும் பறக்கும் தன்மையும் எங்கிருந்து கிடைத்தன என்பதே இத்தேடலின் கேள்வி.

தேடலுக்கு அடிப்படையான பிரதி, கொழும்பு–கண்டி வீதியில் பேராதனைக்குச் சற்று முன்னதாக அமைந்த பிலிமத்தலாவையில், ஒரு வீட்டுக் கணினியில் இருந்தது. இறுவட்டிலும் பின்னர் பென் டிரைவிலுமாகக் கைமாறி வந்த அப்பிரதியில், ஃப்ரீவேர் விமானங்களோடு வழக்கமாக வரும் ‘ரீட்மீ’ எனும் குறிப்புக் கோப்பு இல்லை. உருவத்தை வரைந்தவர் யார், பறக்கும் தன்மையை அமைத்தவர் யார், ஒலிகள் யாருடையவை, பிறருக்குக் கொடுக்கும்போது கடைப்பிடிக்க வேண்டிய நிபந்தனைகள் எவை என்பனவெல்லாம் அக்கோப்பில்தான் எழுதப்பட்டிருக்கும். அது விடுபட்டுப்போனதால், எஞ்சியுள்ள கோப்புகளையே சாட்சிகளாகக் கொள்ள வேண்டியிருந்தது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பழைய சிமுலேட்டர்களில் ஒரு விமானம் என்பது உண்மையில் ஒரு கோப்புறை. முப்பரிமாண உருவம் ஓர் உட்கோப்புறையிலும், மேற்பூச்சு, விமானியறைக் கருவிகள், ஒலி ஆகியவை வெவ்வேறு உட்கோப்புறைகளிலும் இருக்கின்றன. இவற்றுக்கு வெளியே, எடை, இறக்கை விரிவு, எஞ்சின்களின் இடம் முதலியவற்றைச் சாதாரண எழுத்துகளாகவே தாங்கிய ஓர் அமைவுக் கோப்பும், காற்றியல் எண்களை அட்டவணைகளாக அடக்கிய ஏர் கோப்பும் உள்ளன. அமைவுக் கோப்பை நோட்பேடில் திறந்து எவரும் படிக்கலாம், திருத்தலாம். விலைக்கு விற்கப்பட்ட ஒரு மென்பொருளைச் சுற்றி இவ்வளவு பெரிய இலவச ஆக்கம் வளர்ந்ததற்கு இந்தத் திறந்த அமைப்பு முக்கியக் காரணம் என்றே கருத வேண்டும்.

பிலிமத்தலாவைப் பிரதியில் கருவிகளுக்குரிய உட்கோப்புறையைத் திறந்தால் அதில் படம் எதுவும் இல்லை. சிமுலேட்டரோடு வரும் போயிங் 747-400இன் கருவிப் பலகையை எடுத்துக்கொள் என்று பணிக்கும் ‘அலியாஸ்’ எனும் ஒற்றை வரி மட்டும் இருக்கிறது. ஒலிக்குரிய உட்கோப்புறையிலும் அதே நிலை. அமைவுக் கோப்பில் கிடைவாலின் பரப்பளவைச் சொல்லும் வரியில், திரையில் தெரியும் உருவத்துக்குக் கிடைவாலே இல்லாதபோதும், பெரியதோர் எண் நிற்கிறது. இறங்கும்போது ஃபிளாப் எனப்படும் பின்விளிம்பு மடிப்புகளை முழுவதும் இறக்கினால், மூக்குத் தாழாமல் விமானம் அமைதியாக வேகம் குறைகிறது. இந்தக் கடைசிச் சாட்சியே எல்லாவற்றினும் வலுவானது. மடிப்புகள் இறங்கும்போது விமானத்தின் மூக்கு கீழ்நோக்கித் தள்ளப்படுகிறது, வழக்கமான விமானத்தில் அந்தத் தள்ளலை ஈடுசெய்வது வால். வாலில்லாத கலப்பிறக்கையில் அதை ஈடுசெய்ய உறுப்பு இல்லை, ஆகவே அதை வடிவமைத்த பொறியாளர்கள் அத்தகைய மடிப்புகளை விட்டுவிட்டு, முன்விளிம்புத் தகடுகளையும் மூக்கை நன்கு உயர்த்தி இறங்கும் முறையையும் நம்பினர். எனவே இங்கே பறப்பது கலப்பிறக்கையின் தோலைப் போர்த்திய 747தான்.

இதை ஏமாற்று என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. மைக்ரோசாஃப்ட்டின் அந்தப் பழைய சிமுலேட்டர்கள் உருவத்தைப் பார்த்துக் காற்றின் விசையைக் கணிப்பதில்லை, அட்டவணையில் எழுதிய எண்களைப் பார்த்தே கணிக்கின்றன. காற்றுச் சுரங்கச் சோதனையின் எண்கள் கைக்கு எட்டாத ஓர் ஆர்வலர், ஏற்கெனவே ஒழுங்காகப் பறக்கும் ஒரு விமானத்தின் அட்டவணையைக் கடன் வாங்குவது அங்கே இயல்பான தொடக்கம். ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன் வேறு வழியில் செல்கிறது: அது இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மீதும் காற்றுச் செலுத்தும் விசையைத் தனித்தனியே கணித்துக் கூட்டுவதால், அங்கு உருவத்தை மாற்றினால் பறக்கும் தன்மையும் மாறுகிறது. குறை கடன் வாங்கியதில் இல்லை; கடனைப் பதிந்திருந்த குறிப்பு வழியில் உதிர்ந்துபோனதில்தான் இருக்கிறது.

பிலிமத்தலாவையிலிருந்து தவுலகல செல்லும் வழியில், பாறை மேல் நிற்கும் கடலாதெனிய விகாரையை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344இல் எழுந்த அக்கற்கோயிலின் கல்வெட்டு, அதைக் கட்டிய தென்னிந்தியச் சிற்பி கணேசுவராச்சாரியின் பெயரையும் தாங்கியுள்ளது. அங்கு பெயர் பாறையிலேயே வெட்டப்பட்டது, ஆகவே கோயிலை விட்டுப் பிரியவில்லை. மென்பொருளில் பெயர் தனிக் கோப்பாகக் கிடப்பதால், நகலெடுக்கும் கை ஒருமுறை சோம்பினாலும் அது போய்விடுகிறது.

பறக்கும் தன்மையின் மூலம் இவ்வாறு தெளிவானபின், பெயரின் மூலத்தைத் தேடுவது கடினமன்று. 2006இல், போயிங் ஆயிரம் பயணிகளைச் சுமக்கும் ‘797’ ஒன்றை ஆயத்தம் செய்கிறது என்று கூறும் மின்னஞ்சல் ஒன்று, புகைப்படம் போன்ற ஒரு படத்தோடு உலகெங்கும் சுற்றியது. போயிங் அதை மறுத்தது. மறுப்பைத் தேடாதவர்களுக்கும் மின்னஞ்சலிலேயே போதிய தடயம் இருந்தது: விமானத்தின் இறக்கை விரிவு 265 அடி என்றும், ஏர்பஸ் ஏ380க்கென அமைக்கப்பட்ட 262 அடி இடங்களுக்குள் அது அடங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது என்றும் அடுத்தடுத்து அது கூறியது. பெரியது சிறியதற்குள் அடங்காது என்பதோடு, பன்னாட்டு விமான நிலைய வகைப்பாட்டில் மிகப் பெரிய விமானங்களுக்குரிய எஃப் பிரிவின் மேல் எல்லை 80 மீட்டர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 81 மீட்டர் விரிவுள்ள விமானத்தை எந்தப் பொறியாளரும் இடப்பொருத்தம் கருதி வரைந்திருக்க மாட்டார் என்பது விளங்கும். அவ்வாண்டு அக்டோபரில்தான் மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வெளிவந்தது. பரபரப்பான ஒரு பெயரும் புதிய ஒரு மேடையும் ஆர்வலர்களுக்கு ஒரே காலத்தில் கிடைத்தன.

மின்னஞ்சலில் இருந்த படம் அதற்கு மூன்று ஆண்டுகள் மூத்தது. ரைட் சகோதரர்களின் முதல் பறப்புக்கு நூறாண்டு நிறைந்த 2003இல், பாப்புலர் சயின்ஸ் என்ற அமெரிக்க இதழ் தன் நவம்பர் மாத வெளியீட்டில் வருங்கால விமானப் பயணத்தைச் சித்திரிக்க அப்படத்தை வெளியிட்டது. அதைக் கணினி வரைகலையில் ஆக்கியவர்கள், தி எம்பசி விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த நீல் புளோம்காம்ப், சைமன் வான் டி லாகெமாட் ஆகிய இருவர். இவர்களுள் புளோம்காம்ப், ஆறாண்டுகளுக்குப் பின் ‘டிஸ்டிரிக்ட் 9’ திரைப்படத்தை இயக்கியவர். கற்பனைப் பொருளைச் செய்திப்படம் போல் நம்பவைக்கும் அவருடைய ஆற்றல், இந்த ஒற்றைப் படத்திலேயே உலகெங்கும் பலரை நம்பவைத்துவிட்டிருந்தது. இதழில் அது ஓவியர் பெயரோடு கூடிய கற்பனைச் சித்திரம். மின்னஞ்சலில் அது பெயரற்ற சான்று.

ஆனால் ஓவியர்களும் வெற்றிடத்திலிருந்து வரையவில்லை. 1988இல், நெடுந்தூரப் பயணிகள் விமானத்துக்கு ஒரு மறுமலர்ச்சி உண்டா என்று நாசா லாங்லி ஆய்வகத்தின் டென்னிஸ் புஷ்னெல் எழுப்பிய கேள்வியை, மெக்டானல் டக்ளஸ் நிறுவனத்தில் ராபர்ட் லீபெக், மார்க் பேஜ், பிளெய்ன் ராவ்டன் ஆகியோர் எடுத்துக்கொண்டனர். (உடலையும் இறக்கையையும் ஒன்றாக்கும் எண்ணம் அதனினும் பழையது, 1924இல் இங்கிலாந்தில் பறக்க முயன்ற வெஸ்ட்லேண்ட் டிரெட்நாட் முதல் பறப்பிலேயே விழுந்து, அதன் விமானி படுகாயமுற்றார்.) எண்ணூறு பயணிகளை 7,000 கடல் மைல் தூரம் கொண்டுசெல்லும் கலப்பிறக்கை ஒன்றை, அதே கடமைக்கு அதே கால எஞ்சின்களோடு வரையப்பட்ட வழக்கமான விமானத்தோடு ஒப்பிட்டபோது, எரிபொருள் 27 சதவீதம் குறைவாகச் செலவாகும் எனக் கணக்கிடப்பட்டது. உடலும் தூக்குவிசைக்கு உதவுவதும், காற்றோடு உரசும் மேற்பரப்பு குறைவதும் இதற்குக் காரணங்கள். 1997இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 17 அடி விரிவுள்ள மாதிரி ஒன்று பறந்தது. அவ்வாண்டிலேயே போயிங் மெக்டானல் டக்ளஸை இணைத்துக்கொண்டதால் இவ்வாய்வு முழுவதும் போயிங்கின் கைக்கு வந்தது. பொய்ப் பெயரில் ‘போயிங்’ என்ற பாதி மட்டும் ஏன் அவ்வளவு பொருந்தியது என்பதற்கு இதுவே விடை. மின்னஞ்சல் பரவிய மறு ஆண்டில், 2007 ஜூலை 20 அன்று, உத்தேச விமானத்தின் 8.5 சதவீத அளவில் கிரான்ஃபீல்ட் ஏரோஸ்பேஸ் கட்டிய, ஆளில்லாத எக்ஸ்-48பி கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் முதன்முறையாகப் பறந்தது. ஆயிரம் பேர் அமரும் விமானம் என்று உலகம் பேசிக்கொண்டிருந்தபோது உண்மையில் இருந்தது, ஆறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட விரிவுடைய, ஆளேறாத ஒரு மாதிரி.

சிமுலேட்டர் காட்டாத சிக்கல்களையும் சொல்ல வேண்டும். விமானம் சாயும்போது நடுக்கோட்டிலிருந்து தொலைவில் அமர்ந்தவர் வழக்கத்துக்கு மிகுதியாக மேலும் கீழும் தூக்கிப் போடப்படுவார். பெரும்பாலோருக்குச் சன்னல் இராது. 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற வேண்டும் என்ற விதியை அகன்ற கூடத்தில் நிறைவேற்றுவது புதிய வேலை. வட்டக் குழாயல்லாத உடல், உள்ளிருந்து தள்ளும் காற்றழுத்தத்தைத் தாங்க வலுவாக அமைய வேண்டும். விமானியின் இருக்கையிலிருந்தே உலகைக் காட்டும் ஒரு திரையில், கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும் கலப்பிறக்கை எப்போதும் அழகாகத்தான் இறங்கும்.

1988ஆம் ஆண்டுக் குழுவிலிருந்த மார்க் பேஜ் பின்னர் இணைந்து நிறுவிய ஜெட்ஜீரோ நிறுவனத்தை, முழு அளவுச் செயல்விளக்க விமானம் ஒன்றைக் கட்டுவதற்காக அமெரிக்க விமானப்படை 2023 ஆகஸ்டில் தேர்ந்தெடுத்தது. அந்நிறுவனம் முன்வைக்கும் இசட்4 ஏறத்தாழ 250 பயணிகளுக்கானது, இரண்டே எஞ்சின்கள் உடலின் மேற்புறத்தில் பின்பக்கமாக அமைந்தது. பிலிமத்தலாவைப் பிரதியைத் திருத்த விரும்புவோர் இங்கிருந்து தொடங்குவது தகும்: அமைவுக் கோப்பில் நான்கு எஞ்சின்களை இரண்டாக்கி, ஃபிளாப் பகுதியை நீக்கி, கிடைவாலின் பரப்பளவைக் குறைத்து, அதனால் ஏர் கோப்பில் குலையும் சமநிலையை மீண்டும் கட்டி, ‘797’ என்ற பெயரை எடுத்துவிட்டு, உருவம் வேறொரு கையிலிருந்து வந்தது, அட்டவணை 747இலிருந்து தொடங்கியது என்ற இரு செய்திகளையும் தனிக் கோப்பில் விடாமல், எந்த நகலிலும் உடன் செல்லும்படி, அந்த அமைவுக் கோப்பின் முதல் வரிகளிலேயே எழுத வேண்டும்.