திரும்பி நடந்த வழி

பாலத்தின் நடுவில் அவள் ஒரு கணம் நின்றாள். பின்னால் ஜெர்மனி, முன்னால் லக்சம்பர்க். கீழே சூர் ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. கடப்பிதழைப் பார்க்க அங்கே யாரும் இல்லை. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நீண்ட வரிசையில் நின்று ஜொகூர் பாருவுக்குச் சென்று பழகியவள் அவள். ஆற்றைக் கடந்தால் வேறு நாடு என்பது அவளுக்கு வியப்பாக இருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்ட ஒப்பந்தம் 1985ஆம் ஆண்டில் லக்சம்பர்க்கில்தான் கையெழுத்தானது. அந்நாட்டிலுள்ள ஷெங்கன் என்னும் சிற்றூரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

அவள் சிங்கப்பூரைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஜெர்மனியின் டிரியர் நகரில் ஒரு பருவம் படிக்க வந்திருந்தாள். அண்டை நாடான லக்சம்பர்க் மிகச் சிறியது; அதன் பரப்பளவு சிங்கப்பூரைப்போல் ஏறக்குறைய மூன்றரை மடங்குதான். அங்குள்ள முல்லர்தால் வட்டாரத்தில் 112 கிலோமீட்டர் நீளமுள்ள நடைப்பயணப் பாதை ஒன்று உண்டு. அவ்வட்டாரத்தில் எக்டர்நாக், போஃபோர், லாரொஷெட் ஆகிய ஊர்களில் இளையர் விடுதிகள் இருக்கின்றன. இரவில் ஒரு விடுதியில் தங்கி, பகலில் அடுத்த விடுதிக்கு நடப்பதே அவளது திட்டம்.

உடன் வருவதாக இருந்த தோழிக்குப் புறப்படும் நாளுக்கு முன்தினம் காய்ச்சல் கண்டது. அன்றிரவு அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“இரண்டு பேரும் சேர்ந்துதானே போகிறீர்கள்?”

“ஆமாம் அம்மா” என்றாள் அவள். உண்மையைச் சொன்னால் அம்மா தடுப்பார் என்னும் அச்சம். சிறிய பொய்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் இரவை எக்டர்நாக் விடுதியில் கழித்தாள். அடுக்குக் கட்டிலில் படுத்தபடி, இளையர் விடுதிகள் தோன்றிய கதையைக் கைப்பேசியில் படித்தாள். 1909ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானிய ஆசிரியர் தம் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது இடிமழையில் சிக்கிக்கொண்டார். வழியிலிருந்த ஒரு பள்ளியின் வகுப்பறையில் வைக்கோலைப் பரப்பி அவர்கள் இரவைக் கழித்தனர். ஒரு நாள் நடைதூரத்திற்கு ஒன்றாக இத்தகைய தங்குமிடங்கள் இருந்தால் பிள்ளைகள் நாட்டையே நடந்து பார்க்கலாமே என்று அந்த இரவில் அவர் எண்ணினார். அந்த எண்ணமே பின்னர் உலகெங்கும் இளையர் விடுதிகளாகப் பரவியது.

மறுநாள் காலை அவள் காட்டுக்குள் நுழைந்தாள். இருபுறமும் மணற்பாறைகள் மதில்போல் உயர்ந்து நின்றன. அவற்றின் மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. பெர்டோர்ஃப் ஊருக்கு அருகே ஒரு குகையைக் கண்டாள். முற்காலத்தில் மாவாலைகளுக்கான கற்களை அங்கே வெட்டி எடுத்திருக்கிறார்கள். கற்கள் பெயர்க்கப்பட்ட வட்டத் தழும்புகள் சுவரெங்கும் தெரிந்தன. வழிநெடுக மரங்களிலும் கம்பங்களிலும் இருந்த ‘எம்’ என்னும் சிவப்பு எழுத்து அவளுக்கு வழிகாட்டியது.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தலையைக் குனிந்தபடி விரைந்து நடந்தாள். வெகுநேரம் கழித்தே ஒன்று உறைத்தது: சிவப்பு எழுத்தைக் கண்டு அரைமணி நேரமாகிவிட்டது! கைப்பேசியை எடுத்தாள், அலைவரிசை கிடைக்கவில்லை. பாதை முன்னால் அகலமாக, நடப்பதற்கு எளிதாக நீண்டு கிடந்தது. இன்னும் சற்று நடந்தால் குறியீடு தென்படக்கூடும் என்று மனம் ஆசை காட்டியது. வந்த வழியே திரும்புவதோ, நடந்த தூரத்தையெல்லாம் வீணாக்குவதுபோல் தோன்றியது.

அவள் சிந்தித்தாள். தவறான வழியில் வைக்கும் ஒவ்வோர் அடியும் திரும்பி நடக்க வேண்டிய தூரத்தைக் கூட்டுகிறது. உடனே திரும்பினாள்.

கடைசியாகக் கண்ட குறியீட்டை அடைந்தபோது, அதனடியில் ஓர் அம்புக்குறி இருப்பதைக் கவனித்தாள். இரு பாறைகளுக்கு இடையிலான குறுகிய பிளவை அது சுட்டியது. ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய அந்த இருண்ட இடுக்குதான் பாதை! அதைப் பாதையென்றே கருதாமல் அவள் கடந்து சென்றிருந்தாள்.

நனைந்த உடையுடன் போஃபோர் விடுதியை அடைந்தபோது மாலையாகிவிட்டது. உணவு மேசையில் அவளுக்கு எதிரே ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். அவரும் தனியாக நடப்பவர்தாம். அவள் வழிதவறிய கதையைக் கேட்டுவிட்டு, “இன்று நீ எந்தப் பாதையில் நடக்கிறாய் என்று யாருக்குத் தெரியும்?” என்று வினவினார்.

அவளால் விடையளிக்க முடியவில்லை. காட்டில் கால் இடறி விழுந்திருந்தால், அம்மா அவளைத் தேடியிருக்கவே மாட்டார். தோழி உடனிருக்கிறாள் என்ற நம்பிக்கையில் நிம்மதியாக இருந்திருப்பார். ‘பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது’ என்று அம்மா அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது. சூடான உணவு முன்னால் இருந்தும் தொண்டையில் இறங்கவில்லை.

மணி எட்டு. சிங்கப்பூரில் அதிகாலை இரண்டு மணி. நாளை சொல்லிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு, “அம்மா, விழித்திருக்கிறீர்களா?” என்று குறுஞ்செய்தி அனுப்பினாள். அடுத்த நொடியே கைப்பேசி ஒலித்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

“தனியாகப் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. என்னிடம் மறைத்துவிட்டாயே!” அம்மாவின் குரல் தழுதழுத்தது.

“மன்னித்துவிடுங்கள் அம்மா.”

மீண்டும் அமைதி. பிறகு தாள் புரளும் ஓசை கேட்டது. “நாளைக்கு எந்த வழியாக நடக்கப் போகிறாய்? சொல், எழுதிக்கொள்கிறேன்.”

போஃபோர், முல்லர்தால், லாரொஷெட் என்று அவள் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். பழக்கமில்லாத அந்தப் பெயர்களை அம்மா தமிழில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். அதன் பிறகே அவளுக்குப் பசித்தது.

மறுநாள் மாலை, குன்றின்மேல் நின்ற லாரொஷெட் கோட்டை கண்ணில் பட்டது. அவள் கோட்டையைப் படமெடுக்கவில்லை. முதலில், “வந்து சேர்ந்துவிட்டேன் அம்மா” என்று செய்தி அனுப்பினாள்.