தேரிக்காட்டுத் தடம்



போன வாரம் டொராண்டோவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் காட்டுப் பாதையில் ஓடுகிற படம் போட்டிருந்தான். அதன் கீழே, "நம்ம தூத்துக்குடியில உப்பளமும் துறைமுகமும்தான். இப்படி ஓட எங்க இடம் இருக்கு?" என்று பலர் எழுதியிருந்தீர்கள். பதில் நீளமாகிவிட்டதால் தனியாகப் போடுகிறேன்.

அந்த ஊர்ப் பாதைகளை நானும் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். ஸ்கார்பரோவில் மகள் வீட்டில் இருந்தபோது பக்கத்திலேயே ரூஜ் தேசிய நகரப் பூங்கா. ஏறக்குறைய 79 சதுர கிலோமீட்டர், நுழைவுக் கட்டணம் கிடையாது. மருமகன் ஒருநாள் புரூஸ் தடத்துக்கும் கூட்டிப்போனார். நயாகராவில் தொடங்கி டோபர்மோரி வரை சுமார் 900 கிலோமீட்டர் போகிறதாம். நான் நடந்தது மூன்று கிலோமீட்டர் இருக்கும், அதுவும் சேலையில். மரங்களில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு பட்டை அடித்திருக்கிறார்கள். இரண்டு பட்டை இருந்தால் பாதை திரும்புகிறது என்று அர்த்தம். தன்னார்வலர்கள்தான் பெயிண்ட் அடிப்பதும் விழுந்த மரத்தை அகற்றுவதும். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

நம் மாவட்டத்திலும் காடு உண்டு. வல்லநாட்டில் 1987-இல் அறிவித்த வெளிமான் சரணாலயம் இருக்கிறது. 16 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அது. அங்கே ஓட வேண்டியது மான்தான், நாம் இல்லை. கடலில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள். அவற்றில் நம் விலங்குச்சல்லி மூழ்கியே போனது. வான் தீவு 1986-இல் 16 ஹெக்டேர், 2014-இல் 2 ஹெக்டேர். பவளப்பாறையை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றதன் பலன்.

கால் வைத்து ஓட நமக்கு இருப்பது தேரி. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியைப் பேருந்து ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மணல் மேடு மேடாக, நடுவே பனையும் கொல்லாமரமும் உடைமரமும். மணலின் மேல் இரும்புத் துரு படிந்திருப்பதால் அந்தச் சிவப்பு. சாய்னர், ஆல்சின் என்ற இருவர் இந்தத் தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பற்றி 1956-இல் எழுதினார்கள். ஆக, நமக்கு வெகுகாலம் முன்பே அங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

எங்கள் அப்பா பனையேறி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பதநீர் காலத்தில் தேரிக்குள்ளேயே விடிலி போட்டுத் தங்குவோம். அம்மா கருப்பட்டி காய்ச்சுவாள். மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுபோவது என் வேலை. செருப்பு கிடையாது. பனை நிழல் ஒரு முழ அகலம்தான் விழும். ஒரு நிழலில் நின்று, அடுத்த பனையைப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டம். மறுபடி நின்று உள்ளங்காலைத் தடவிக்கொள்வேன். கஞ்சி சிந்தினால் அடி. இதற்கு இப்போது ஆயிரக்கணக்கில் விலை போட்டுத் தனி ஷூவே விற்கிறார்கள்!

தேரியில் காலடித் தடம் நிற்காது. ராத்திரிக் காற்று அழித்துவிடும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் வழி சொன்னது மரங்கள்தான். கூனிப்பனையில் இடதுபக்கம் திரும்பு, இடிவிழுந்த பனையைத் தாண்டினால் அலகுப்பனை மூன்று, அங்கிருந்து மேடு ஏறு. இப்படித்தான் பேச்சு. ஒவ்வொரு பனைக்கும் ஒரு பெயர். தினமும் இரண்டு மூன்று தடவை நடந்த கால்கள் அந்தத் தடத்தை வைத்திருந்தன. இப்போது எங்கள் பக்கம் பனையேற ஆள் இல்லை. அண்ணனுக்கு 74 வயது. அவர் பிள்ளைகள் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பனையின் பெயரும் தெரியாது.

இந்த ஜூலையில் பேரன் வந்திருந்தான். கையில் ஓடுகிற தூரத்தையும் வழியையும் பதிவு செய்யும் வாட்ச். எங்கள் பழைய விடிலி இருந்த இடத்திலிருந்து அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனை வரை அண்ணனை முன்னால் நடக்கவிட்டோம். மணலுக்கு நடுவே வற்றாத சுனை அது. காற்று முகத்தில் மண்ணை வாரி அடித்தது. பேரன் முன்னால் ஓடுவான், மேட்டில் நின்று, "தாத்தா, இனி எங்க?" என்று கத்துவான். அண்ணன் கையைக் காட்டுவார். இரண்டு இடத்தில் பழைய பனை இல்லை. அண்ணன் நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு ஒரு உடைமரத்தைக் கண்டுபிடித்து வழியைப் பிடித்தார். கோயிலில் வாட்ச் 6.4 கிலோமீட்டர் என்றது. "நாலு மைலுன்னு நான் காலையிலயே சொன்னேன்லா" என்றார் அண்ணன்.

அவருக்குத் தெரிந்த வழிகள் இன்னும் மூன்று இருக்கின்றன. முழங்கால் வலி கூடிக்கொண்டே போகிறது. கார்த்திகை மழைக்குப் பிறகு மணல் இறுகும், அப்போது நடக்கலாம் என்கிறார். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் உங்கள் பிள்ளைகளோடு வாருங்கள். சில பகுதி காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் நானே கேட்டு வைக்கிறேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முள் குத்தாத செருப்பு. ஓட முடிந்தவர்கள் ஓடுங்கள், நானும் அண்ணனும் பின்னால் வருகிறோம். தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன்.