பிளக்கின் நிறம்

ஏப்ரல் மாதத்து நுவரெலியா என்றதும் பலருக்கு மலர்க் கண்காட்சியும் குதிரைப் பந்தயமும் கிரகரி வாவிக்கரையும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது பெற்றோல் வாசனை. மகாகஸ்தோட்டை தேயிலை மலையில் வளைந்து ஏறும் பாதையில் நடைபெறும் மோட்டார் மலையேற்ற ஓட்டம் 1934 இல் ஆரம்பமானது. அங்கே வாகனங்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும். பார்வையாளர்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே நின்று பார்ப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பிலிருந்து வந்த இளைய நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில், நீண்ட காலத்திற்குப் பிறகு அங்கே சென்றிருந்தேன். தொண்ணூறுகளில் தயாரான, 1500 சிசி ஹொண்டா சிவிக் ஒன்றை அவர் வாங்கி, அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, 2001 இல் வெளிவந்த இன்டெக்ரா டைப் ஆர் காரின் கே20ஏ எஞ்சினைப் பொருத்தியிருந்தார். இரண்டு லீற்றர், நிமிடத்திற்கு 8,000 சுற்றுகளில் 220 குதிரை வலு. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகள், சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுத் தண்டுகள், வயரிங், எஞ்சினின் மூளையான கணினிப் பெட்டி என எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்ததாம். “ஐயா, 220 என்பது கடல் மட்டத்துக் கணக்கு. இங்கே அது கிடைக்காது” என்றார்.

அவர் சொன்னது உண்மை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. டேர்போ இல்லாத எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவுக்கு ஒட்சிசன் குறையும். வலுவும் ஏறக்குறைய அதே அளவில் குறையும். இக்காலத்து எஞ்சின்களில் உணரிகள் காற்றை அளந்து எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அதை ஒரு மனிதர் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் தோட்டத்தில் அந்த மனிதர் என் பெரியப்பா.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் மெக்கானிக்காக இருந்தார். கொழுந்து அரைக்கும் ரோலர்களையும் காய வைக்கும் சிரோக்கோ இயந்திரங்களையும் டீசல் எஞ்சினையும் பராமரிப்பது அவரது பொறுப்பு. பள்ளிக்கூடம் சென்றது மூன்றாம் வகுப்பு வரைதான். ஆயினும் நள்ளிரவில் தொழிற்சாலை எஞ்சினின் ஓசை சற்றே மாறினால், லயத்தில் படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

அறுபதுகளின் கடைசி ஆண்டுகளில் ஒன்று. தோட்டத்தின் சின்னத்துரையிடம் எம்ஜி மிட்ஜெட் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கைகள், 1098 சிசி எஞ்சின். ஏப்ரல் ஓட்டத்திற்கு அது போதாது என்று கருதிய அவர், விபத்தில் நொறுங்கிய இன்னொரு மிட்ஜெட்டின் 1275 சிசி எஞ்சினைக் கொழும்பில் வாங்கி லொறியில் கொண்டுவந்து இறக்கினார். இரண்டும் பிரித்தானியாவின் ஏ-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்து எஞ்சின்கள். 1951 இல் ஒஸ்டின் ஏ30 காரில் 803 சிசியாகப் பிறந்த அதே எஞ்சின்தான் வளர்ந்து, மொறிஸ் மைனரையும் மினியையும் மிட்ஜெட்டையும் ஓட்டியது. ஆகவே புதியது பழையதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். உட்காருவதற்கு முன்னர் அதை உயிர்ப்பிப்பதுதான் வேலை.

மூன்று மாதங்கள், தொழிற்சாலை வேலை முடிந்த பிறகு, இரவுகளில் அது நடந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. விளக்குப் பிடிப்பதும் பெரியப்பா சொல்வதை அப்பியாசக் கொப்பியில் எழுதுவதும் என் கடமை. கிராங்க் ஷாஃப்டின் கழுத்துகளை மைக்ரோமீற்றரால் அளந்து எண்களைச் சொல்வார், நான் எழுதுவேன். வால்வுகளை அரைபசை தடவி, இருக்கையில் வைத்துக் கையாலேயே உருட்டி உருட்டித் தேய்த்தார். சிலிண்டர் ஹெட்டில் காற்று நுழையும் துவாரங்களைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கினார்.

அதிக சுற்றில் ஓடும் எஞ்சினில் நான்கு பிஸ்டன்களும் ஒரே நிறையில் இருக்க வேண்டும்; இல்லாவிடில் அதிர்வு எஞ்சினைத் தின்றுவிடும். தேயிலை மாதிரிகளை நிறுக்கும் சிறிய தராசைப் பெரியப்பா டீமேக்கரிடம் இரவல் வாங்கி வந்தார். நான்கிலும் இலேசானதைக் கண்டறிந்து, மற்ற மூன்றின் உட்புறத்தையும் அதன் நிறைக்கு அராவுவது அவரது திட்டம். அவர் நிறையைச் சொன்னார், நான் எழுதினேன். தூக்கக் கலக்கத்தில் மூன்றாவது பிஸ்டனின் நிறையை இரண்டாவதற்கும், இரண்டாவதன் நிறையை மூன்றாவதற்கும் எழுதிவிட்டேன். ஏற்கெனவே இலேசாக இருந்ததையே அவர் அராவிவிட்டார். மறுபடி தராசில் வைத்தபோதுதான் தெரிந்தது. மற்ற மூன்றையும் அதன் புதிய நிறைக்கு இறக்க இன்னும் இரண்டு இரவுகள் ஆயின.

அடி விழும் என்று காத்திருந்தேன். அவர் அடிக்கவில்லை. “தம்பி, நான் தப்பா அளந்தா ஒருத்தன் தப்பு. நீ தப்பா எழுதினா, அதைப் படிக்கிறவன் எல்லாரும் தப்பு செய்வான்” என்றார். பத்திரிகைத் தொழிலைப் பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் எனக்குப் பாடம் சொன்னார்கள். அதைவிடச் சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

அந்த மூன்று மாதங்களும் எங்கள் லயத்தில் வேறொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றது. பெரியப்பாவின் குடும்பம் முதற் பங்கில் விழுந்தது. என் தந்தையின் குடும்பம் இரண்டாவதில் விழுந்தது. ஒரே லயத்தில், ஒரே சுவரின் இரு பக்கங்களில் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் அவர்கள்.

பயணத் தேதி மார்ச் மாதத்தில் வந்தது. ஓட்டத்திற்குப் பத்து நாட்களுக்கு முன்னர் தலைமன்னாரில் கப்பல் ஏற வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப் போடும்படி சின்னத்துரையிடம் கடிதம் கேட்கலாமே என்று என் தந்தை சொன்னார். பெரியப்பா கேட்கவில்லை. “எஞ்சினுக்காகவா நான் இங்க இருந்தேன்?” என்று மட்டும் சொன்னார்.

புறப்படுவதற்கு முந்திய வாரம் எஞ்சின் காரில் ஏறியது. கிளட்சும் பறக்கும் சக்கரமும் புதிய எஞ்சினோடு வந்தவை. சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு, அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். முதல் முறுக்கிலேயே அது பேசியது. தோட்டப் பாதையில் ஓட்டிவந்து நிறுத்தி, நான்கு பிளக்குகளையும் கழற்றி விளக்கு வெளிச்சத்தில் எனக்குக் காட்டினார். கறுத்துப் புகை படிந்திருந்தால் பெற்றோல் அதிகம். வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு, பிஸ்டன் பொசுங்கிவிடும். இளம் பழுப்பாக இருக்க வேண்டும். “பிளேன்டீ நிறம்” என்றார். நான்கும் அந்த நிறத்தில் இருந்தன.

ஆனால் அது ஹட்டன் பக்கத்துக் காற்றுக்கு. நுவரெலியா அதைவிட அறுநூறு மீற்றர் உயரம். அங்கே காற்று இன்னும் மெலியும். அதே கார்புரேட்டர் அமைப்பில் கலவையில் பெற்றோல் மிகுந்துவிடும். நேரில் சென்று சரிபார்க்க அவருக்கு நாள் இல்லை. நெடுநேரம் யோசித்தபின் என் கொப்பியில் எழுதச் சொன்னார்: நுவரெலியா போனதும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களிலும் ஜெட் நட்டை இரண்டு பட்டை மேலே ஏற்ற வேண்டும். ஆறு பட்டை நட்டில் இரண்டு பட்டை. அதாவது மூன்றில் ஒரு சுற்று. இம்முறை நான் எழுதியதை மூன்று தடவை உரக்க வாசிக்கச் செய்தார். அந்தத் தாளைக் கிழித்துச் சின்னத்துரையிடம் கொடுத்தேன்.

ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி புறப்பட்டபோது எழுந்த அழுகையை இங்கே விவரிக்கப் போவதில்லை. மலையகத்து வாசகர்களுக்கு அது தெரியும். மற்றவர்களுக்கு எழுதிப் புரியவைக்க இயலாது. பெரியப்பா ஜன்னலோரம் அமர்ந்து, தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் இன்னமும் கிறீஸ் இருந்தது.

பத்து நாட்கள் கழித்து, பஸ் பிடித்து என் தந்தையும் நானும் மகாகஸ்தோட்டைக்குச் சென்றோம். தேயிலைச் செடிகளுக்கிடையே நின்றோம். கீழேயிருந்து அந்த ஓசை வந்தது. வளைவில் மிட்ஜெட் தோன்றி, எங்களைக் கடந்து, மேலே மறைந்தது. சில வினாடிகள்தான். என் தந்தை கைதட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாள் பத்திரிகையில் ஓட்டியவர் பெயரும் காரின் பெயரும் நேரமும் வந்தன. அந்தச் செய்தியை வெட்டி என் கொப்பியில் ஒட்டினேன்.

பின்னர் நானும் பத்திரிகையாளனானேன். ஓரிரு ஆண்டுகள் அந்த ஓட்டத்தைப் பற்றி நானே செய்தி எழுதியிருக்கிறேன். ஓட்டியவர் பெயர், காரின் பெயர், நேரம். அவ்வளவுதான் எழுதினேன். எஞ்சின் கட்டியவர் யார் என்று ஒருவரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதை இன்று எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தொண்ணூறுகளில் ஒருமுறை தமிழகம் சென்றபோது கோத்தகிரியில் பெரியப்பாவைக் கண்டேன். தாயகம் திரும்பியோருக்காக 1968 இல் நீலகிரியில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. மெக்கானிக் வேலை அல்ல, மலை வேலை. ஓய்வு பெறும்வரை கவ்வாத்துக் கத்திதான் அவர் கையில் இருந்தது. மூப்பினால் பார்வை மங்கியிருந்தது. குசலம் விசாரித்து, தேநீர் வந்து, அதைக் குடித்து முடித்த பிறகு கேட்டார்:

“அன்னிக்கு ஓட்டம் முடிஞ்ச பிறகு பிளக்கு என்ன நிறத்துல இருந்திச்சு?”

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் சுமந்துகொண்டிருந்த கேள்வி அது. கார் எத்தனையாவதாக வந்தது என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பட்டை என்று கணித்தது சரியா என்பதே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. பிளேன்டீ நிறம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் எனக்கு எழுதக் கற்றுத்தந்தவர் அவர்.

“பார்க்கவில்லை, பெரியப்பா” என்றேன்.

சற்று நேரம் பேசாதிருந்தார். “மேலே வரைக்கும் போயிட்டு, அதைப் பாக்காம வந்திட்டியே” என்றார். அதில் கோபம் இல்லை. அதன் பிறகு நான் அவரைக் காணவில்லை.

கொழும்பு நண்பரின் சிவிக் அன்று நன்றாகவே ஏறியது. அவர் இறங்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, காரின் முகப்பைத் திறந்து குனிந்திருந்த இளைஞரிடம் சென்றேன். எஞ்சினைக் கட்டியவர் அவர்தான். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, கொழும்புக் கராஜ் ஒன்றில் வேலை. பிளக்கைக் கழற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கணினியில் எல்லாம் தெரியும் ஐயா என்று சிரித்தார். ஆயினும் கிழவனின் ஆசை என்று நினைத்தாரோ என்னவோ, சூடு ஆறக் காத்திருந்து, ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

இளம் பழுப்பு. பிளேன்டீ நிறம்.

பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, முதலில் அவருடைய பெயரை எழுதிக்கொண்டேன். எழுத்துகள் சரிதானா என்று அவரிடமே வாசித்துக் காட்டினேன்.