மடிப்பு மின்சைக்கிளும் நாற்பத்தொரு நிமிடமும்

அண்மையில் ஆசிரியர் ஓய்வறையில் இளைய ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார். “அக்கா, நீங்க மடிக்கிற மின்சைக்கிள் வாங்கினீங்களே, எப்படி இருக்கு? நானும் ஒண்ணு வாங்கலாமான்னு பார்க்கிறேன்.” மணி அடித்துவிட்டது. “நல்லாத்தான் இருக்கு” என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு வகுப்புக்கு விரைந்துவிட்டேன். சொன்னது பொய்யன்று; ஆனால் முழு உண்மையும் அன்று. நாலாயிரத்து அறுநூறு வெள்ளியை ஒருவர் செலவழிக்கப் போகும்போது அப்படி ஒற்றை வரியில் விடை சொல்லலாமா? அன்று மாலையே மனம் உறுத்தியது. பெற்றோர்கள் சிலரும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஃபேரர் பார்க்கில், ஓவன் சாலைக்கு அருகே ஒரு வீவக புளோக்கில் இருக்கிறது. நான் பணியாற்றும் தொடக்கப்பள்ளி பீஷானில். ஃபேரர் பார்க் நிலையத்தில் வடகிழக்குப் பாதையில் ஏறி, சிராங்கூனில் இறங்கி, வட்டப்பாதைக்கு மாறி, லோரோங் சுவானைக் கடந்தால் பீஷான். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை 41 நிமிடங்கள். இது தோராயக் கணக்கில்லை. ஒரு மாதம் குறிப்பேட்டில் எழுதிவைத்துச் சராசரி கண்டது. (ஆசிரியர்களுக்கு இந்த நோய் உண்டு, எதையும் கட்டம் போட்டு நிரப்பாவிட்டால் தூக்கம் வராது.)

இந்த 41 நிமிடம் பல ஆண்டுகளாக எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற நாள்களில் பூன் லே வரை ரயிலில் சென்று, பிறகு 179ஆம் எண் பேருந்துக்காக நீண்ட வரிசையில் நின்று பழகியவள் நான். அதனோடு ஒப்பிட்டால் பீஷான் பக்கத்துத் தெரு. ஆனால் சென்ற ஆண்டு நிலைமை மாறியது. என் தாயாருக்கு நினைவு தடுமாறத் தொடங்கியது. முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்தோம். அவரை அழைத்துச் செல்லும் வேன் காலை ஆறரைக்கு வரும். நான் 7.20க்குள் பள்ளியில் இருக்க வேண்டும். வேன் சரியாக வந்தால் தப்பித்தேன். பத்து நிமிடம் தாமதித்தால் கொடியேற்றத்தின்போது பள்ளி வாயிலில் மூச்சு வாங்க நிற்பேன். பிள்ளைகள் தாமதமாக வந்தால் கண்டிக்கும் நான், அதே வாயிலில் அவர்களோடு வரிசையில் நின்றேன். ஒரு மாதத்தில் மூன்று முறை அப்படி நேர்ந்தது.

என் கணவர்தான் மின்சைக்கிள் யோசனையைச் சொன்னார். “ஏழு எட்டு கிலோமீட்டர்தானே, அரை மணி நேரத்தில் போய்விடலாம்” என்றார். கேட்பதற்குக் கணக்கு சரியாகவே இருந்தது. ஜூன் விடுமுறையில் வாங்கினோம்.

வாங்குமுன் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். இதை விரும்புவோர் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும். வண்டியின் எடை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவ வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் அந்த உதவி நின்றுவிட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரை, பதிவு, எண் பலகை எல்லாம் வேண்டும். ஓட்டுபவருக்குப் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இணையவழி எழுத்துத் தேர்விலும் தேறியிருக்க வேண்டும். நானும் எழுதினேன். இருபது ஆண்டுகளாகப் பிறருக்குத் தேர்வு வைத்தவள் ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் கணினித் திரையை வெறித்த காட்சியை என் மாணவர்கள் பார்க்காதது என் நல்லூழ்.

மிக முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. மின்சைக்கிளை நடைபாதையில் ஓட்டக்கூடாது. சாலையிலும் சைக்கிளோட்டப் பாதையிலும் மட்டுமே ஓட்டலாம். மீறினால் அபராதமோ சிறையோ கிடைக்கலாம். இது சரியான விதி என்பதில் எனக்கு ஐயமில்லை. என் தாயார் போன்றவர்கள் நடக்கும் இடம் அது. ஆனால் ஃபேரர் பார்க்கில் வசிப்பவருக்கு இதன் பொருள் என்னவென்றால், வீட்டைவிட்டு இறங்கியதும் சிராங்கூன் சாலையில் பேருந்துகளோடும் லாரிகளோடும் ஓட வேண்டும். சாதாரண சைக்கிள்காரர் நடைபாதையில் ஏறி மெதுவாகப் போய்விடுவார். அதைவிட ஆறு மடங்கு விலை கொடுத்த நான், அஞ்சினால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். முதல் வாரம் பாதித் தொலைவு தள்ளினேன்.

கலாங் ஆற்றை அடைந்துவிட்டால் கதையே வேறு. ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதை பீஷான்வரை செல்கிறது. விடியற்காலையில் அங்கே ஓட்டுவது, உண்மையைச் சொல்வதானால், பேரின்பம். நாரைகள் நிற்கும். முதியவர்கள் கைகளை வீசிப் பயிற்சி செய்வார்கள். பெரிய சாலைகள் குறுக்கிடும் இடங்கள்தாம் தொல்லை. இந்தப் பாதையை நகர்வரை தடையின்றி ஓட்டும்படி மேம்படுத்தும் திட்டத்தை 2017இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் அறிவித்ததே அந்தத் தொல்லைக்காகத்தான்.

இனி என் குறிப்பேட்டுக்கு வருகிறேன். ஓட்டும் நேரம் மட்டும் 33 நிமிடம். கணவர் சொன்னது ஏறக்குறையச் சரி. ஆனால் வண்டியை வீட்டிலிருந்து எடுத்து, மின்தூக்கியில் இறக்கி, விரித்து, தலைக்கவசம் அணிய 4 நிமிடம். பள்ளியில் மடித்து, ஓய்வறைவரை தூக்கிச் சென்று, முகம் கழுவி, வியர்த்த உடையை மாற்றிச் சேலை கட்ட 12 நிமிடம். ஆக 49. ரயிலில் 41! மோட்டார் இருந்தால் வியர்க்காது என்று கடைக்காரர் சொன்னார். அவர் குளிர்சாதன அறையில் நின்று சொன்னார். சிங்கப்பூரின் காற்றில் சும்மா நின்றாலே வியர்க்கும்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் தீவில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. அத்தனை மழையும் நான் கிளம்பும் நேரத்தில் பெய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் பெய்யுமோ என்ற ஐயம் வந்தாலே வண்டி வீட்டில் நின்றுவிடும்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரயில் கட்டணம் ஒருவழிக்கு ஒன்றரை வெள்ளியைச் சற்றுத் தாண்டும். போக வர மூன்றேகால் வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பள்ளி நாள்கள் ஏறத்தாழ 200. ஆண்டுக்கு 650 வெள்ளி. ஒரு நாள்கூடத் தவறாமல் ஓட்டினாலும் 4,600 வெள்ளியை மீட்க ஏழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் பேட்டரியை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும். மலிவான வண்டி வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். அதே ஆரஞ்சு முத்திரை பெற்ற, மடியாத வண்டி அதே கடையில் இரண்டாயிரத்துக்குள் இருந்தது. அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? மடிப்பதற்கும் எடை குறைவதற்கும்தான். புளோக்கின் நடைவழியில் 1.2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். எங்கள் நடைவழியில் பெரிய வண்டிக்கு இடமில்லை. கீழே வெற்றுத்தளத்தருகே நிறுத்தினால் இரவெல்லாம் மனம் அதன்மீதே இருக்கும். ஆகவே மடிப்பு வண்டி எனக்கு ஆடம்பரமாகத் தோன்றவில்லை, தேவையாகவே தோன்றியது.

மடித்து ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. மடிப்பு சைக்கிள்களை நாள் முழுவதும் ரயிலில் கொண்டுசெல்லும் ஏற்பாடு 2016 டிசம்பரில் சோதனையாகத் தொடங்கியது. மடித்தபின் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அளவு. என் வண்டி அந்த அளவுக்குள் அடங்கியது. எடை 17 கிலோ. தொடக்கநிலை ஒன்றில் படிக்கும் மெலிந்த பிள்ளையைத் தூக்குவதுபோல. ஆனால் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொள்ளும், இது முழங்காலில் இடிக்கும். ஒரு காலையில் நிலைய வாயில்வரை தூக்கிச் சென்றேன். உள்ளே இறங்கும் கூட்டத்தைப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

இவ்வகை வண்டிகள் பிறந்த இடத்தை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. லண்டனின் பிராம்ப்டன் நிறுவனம் 2017இல் மின்சார மடிப்பு சைக்கிளை அறிவித்தபோது விலை 2,500 பவுண்டுக்கு மேல். புறநகரிலிருந்து நெடுந்தூரம் ரயிலில் வந்து, நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போக வேண்டியவருக்கு அது பொருந்தும். அங்கே குளிர், சட்டை நனையாது. நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் குடியிருந்துகொண்டு, மறுமுனையிலும் நிலையத்துக்கு அருகே வேலை பார்க்கும் எனக்கு அது எந்த இடைவெளியை நிரப்பும்? விலை உயர்ந்தது என்பதாலேயே நீடித்து உழைக்கும் என்றும் நம்பிவிட முடியாது. ஆம்ஸ்டர்டாமின் வான்மூஃப் என்ற புகழ்பெற்ற மின்சைக்கிள் நிறுவனம் 2023 ஜூலையில் நொடித்துப்போனது. வேறு கடைகளில் கிடைக்காத உதிரிபாகங்களுக்கு அதன் வாடிக்கையாளர்கள் எங்கே போவார்கள்? வண்டி வாங்குமுன் பழுதுபார்ப்பவர் யார் என்று கேளுங்கள்.

இவையெல்லாம் என் அறிவுக்கு எட்டிய கணக்குகள். எட்டாத ஒன்றை ஒரு மாணவன் சொல்லித் தந்தான்.

தொடக்கநிலை நான்கில் ‘என் வீட்டில் இரவு நேரம்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். பெரும்பாலோர் தொலைக்காட்சி, வீட்டுப்பாடம், பாட்டி கதை என்று எழுதினார்கள். ஒருவன் எழுதியிருந்தான்: அப்பா உணவு விநியோகம் முடித்து வந்ததும் சைக்கிள் பேட்டரியை மின்னேற்றத்தில் போடுவார், அது முடியும்வரை அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார், அப்போது நான் பார்த்துக்கொள்வேன். எழுத்துப்பிழை இரண்டே இரண்டு. சிவப்பு மையை எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளை பேட்டரிக்குக் காவல் இருக்கிறான்.

2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீடொன்றில் நேர்ந்த தீ நமக்கு நினைவிருக்கும். எரிந்தவை தனிநபர் நடமாட்டச் சாதனங்கள், ஒருவர் உயிரிழந்தார். மின்னேற்றத்தில் போட்டுவிட்டு இரவெல்லாம் கவனியாமல் விடாதீர்கள், வெளியேறும் வழியில் வைக்காதீர்கள், வண்டியோடு வந்த மின்னேற்றியையே பயன்படுத்துங்கள் என்று குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து அறிவுறுத்துகிறது. நானோ வாசற்கதவின் அருகே, காலணி அலமாரியின் மேல், இரவு பத்து மணிக்குச் செருகிவிட்டுப் படுக்கப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளறையில் நடக்கவே தடுமாறும் தாயார்! அந்தக் கட்டுரையைப் படித்த அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இடத்தை மாற்றினேன். பள்ளியிலிருந்து திரும்பியதும், நான் சமையலறையில் இருக்கும் நேரத்தில் மட்டும் மின்னேற்றுவது என்று வைத்துக்கொண்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளில் அந்தத் தந்தையைப் பார்த்தேன். மகனின் கட்டுரையைப் பாராட்டினேன். இரவுக் காவலைப் பற்றியும் மெல்லச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தார். “இனிமே பகல்லயே போட்டுக்கிறேன் டீச்சர்” என்றார். பேச்சு என் வண்டிக்குத் திரும்பியது. ஓய்வறை மூலையில் இருந்ததைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், சக்கரத்தைத் தட்டிப் பார்த்தார். “அழகா இருக்கு டீச்சர். ஆனா எனக்கு ஆகாது. நான் ஒரு நாளைக்கு அம்பது அறுபது கிலோமீட்டர் ஓடுறவன். இந்தப் பேட்டரி மத்தியானமே முடிஞ்சிடும். சக்கரம் சின்னது, பள்ளத்துல விழுந்தா கையெல்லாம் அதிரும். பின்னால பெட்டி வைக்கவும் இடமில்ல.” பிறகு சற்றுத் தயங்கி, “விலை என்ன டீச்சர்?” என்றார். சொன்னேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய வண்டி என் வண்டியின் மூன்றில் ஒரு பங்கு விலை. அதில் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது.

காலை நேரச் சிக்கல் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதைத் தீர்த்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி. நாங்கள் ‘மாக்சிக்’ என்று அழைப்போம். ஒருநாள் நான் தலைக்கவசத்தோடு தாயாரின் கையைப் பிடித்துக்கொண்டு வேனுக்காகத் தவிப்பதைப் பார்த்தார். தொழுகை முடிந்து தினமும் அந்த நேரத்தில் கீழே நடக்க வருபவர். “நீ போ, நான் உட்கார்ந்திருக்கிறேன்” என்றார். அன்றிலிருந்து இருவரும் கீழே கல் மேசையில் அமர்ந்திருப்பார்கள். தாயாருக்கு என் பெயர் சில நாள் மறந்துபோகிறது. அவரை மட்டும் எப்படியோ அடையாளம் தெரிகிறது. நான் 6.25க்கே கிளம்பி ரயிலில் போகிறேன்.

வண்டியை விற்கவில்லை. சனிக்கிழமைகளில் தோ பாயோவில் நான் எடுக்கும் துணைப்பாட வகுப்புக்கு அதில்தான் போகிறேன். ரயிலில் போனால் சுற்றுவழி. வண்டியில் நேராக, பாதி நேரத்தில் போய்விடலாம். சேலை கட்ட வேண்டியதில்லை, அவசரமில்லை. பள்ளியிலிருந்து மாலையில் திரும்பவும் சில நாள் அதுவே. வீட்டுக்கு வந்து வியர்த்தால் யாருக்கு என்ன?

ஆகவே இளைய ஆசிரியைக்கு என் பதில் இது. உங்கள் வீடும் பள்ளியும் எங்கே இருக்கின்றன என்று சொல்லுங்கள். இடையே சைக்கிளோட்டப் பாதை எவ்வளவு, சாலை எவ்வளவு என்று ஒரு ஞாயிறு காலை சாதாரண சைக்கிளில் போய்ப் பாருங்கள். பள்ளியில் குளிக்க இடம் உண்டா என்று கேளுங்கள். பேட்டரியை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். பிறகு ஒரு சனிக்கிழமை மாலை என் வீட்டுக்கு வாருங்கள். தேநீர் தருகிறேன். வண்டியை ஓட்டச் சொல்லமாட்டேன். மடித்துக் கையில் தருவேன். ஃபேரர் பார்க் நிலைய வாயில்வரை தூக்கிக்கொண்டு ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.