துணைவலி

மயிலிறகு மெல்லியது. ஆயினும் அதனையே அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தினார் வள்ளுவர். அவர் கண்ட வண்டியை மாடுகள் இழுத்தன; அச்சு பாரத்தை மட்டும் தாங்கியது. இன்றைய வண்டியின் அச்சோ பாரத்தைத் தாங்குவதோடு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். அதற்கான ஆற்றலை எந்திரத்தின் பக்கமிருந்து அச்சுக்குக் கொண்டுசேர்ப்பது ஒரு நீண்ட தண்டு. வண்டியின் அடியில் சேறு படிந்து கிடக்கும் அத்தண்டை நினைப்பவர் சிலரே.

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் உழைக்கின்றன. அத்தகைய வண்டி ஒன்றை வைத்திருந்தார் ஒரு தோட்டக்காரர். 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட, இரண்டாம் வரிசையைச் சேர்ந்த முதிய வண்டி அது. மழைக்காலச் சேற்றில் வயிறு தட்டாதிருக்க அதன் உடலை உயர்த்தினார். பெரிய சக்கரங்களையும் பூட்டினார். சில மாதங்களுக்குள் பின்னச்சினுள் இருக்கும் அரைத்தண்டு ஒன்று முறிந்தது. அவ்வகை அச்சில் பலரும் அறிந்த குறை அது. அதனைப் பழுதுபார்த்துக்கொண்டு, மூன்றாம் வரிசையின் நீள வண்டிகளில் வந்த உறுதிமிக்க சாலிஸ்பரி அச்சை வாங்கிப் பொருத்துவது என்று முடிவுசெய்து பணமும் சேர்த்தார். இதற்கிடையே, தார்ச்சாலையில் வேகம் கூடும்போதெல்லாம் வண்டி ஓயாது நடுங்கியது. புதிய அச்சு வந்தால் அந்நடுக்கமும் தீரும் என்று அவர் நம்பினார்.

பட்டறைக்காரர் வயதில் மூத்தவர். வண்டியின் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அவருடைய விரலில் செந்நிறத் துரு ஒட்டியிருந்தது.

"தம்பி, அச்சு இருக்கட்டும். முதலில் தண்டை மாற்று" என்றார்.

அவர் காட்டியது தண்டின் முனையிலிருந்த யுனிவர்சல் மூட்டு. இரண்டு கவைகளுக்கிடையே சிலுவை வடிவான சிறு இரும்புத் துண்டு. அதன் நான்கு முனைகளிலும் ஊசி போன்ற உருளைகள். அமைப்பு அவ்வளவே. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரும், 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில அறிஞர் ஹூக்கின் பெயரும் இம்மூட்டுக்கு வழங்குகின்றன. மேடுபள்ளத்தில் அச்சு ஏறி இறங்கினாலும் தண்டு சாய்ந்தபடியே சுழல இதுவே துணைசெய்கிறது.

ஆனால் இம்மூட்டிற்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. சாய்ந்த நிலையில் ஒருபுறம் சீராகச் சுழன்றாலும் மறுபுறம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து, இருமுறை தளரும். சாய்வு 10 பாகையாயின் இவ்வேறுபாடு சராசரி வேகத்தினின்றும் இருபுறமும் ஏறத்தாழ 1.5 விழுக்காடு, 20 பாகையாயின் ஏறத்தாழ 6 விழுக்காடு. சாய்வு இருமடங்கானால் தொல்லை நான்கு மடங்காகிறது! இதனாலேயே தண்டின் இரு முனைகளிலும் மூட்டு வைத்தனர். இரு சாய்வுகளும் சமமாகவும், இரு கவைகளும் ஒரே தளத்திலும் இருப்பின், முதல் மூட்டு செய்த பிழையை இரண்டாம் மூட்டு திருத்திவிடும்.

தோட்டக்காரர் வண்டியை உயர்த்தியபோது இந்த ஒப்பந்தம் குலைந்தது. பின்புறத்து ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் தொங்கு இணைப்புகளை அவர் நீளமாக்கியிருந்தார். பட்டையின் பின்முனை தாழ்ந்தது; அச்சின் மூக்கு மேல்நோக்கித் திரும்பியது. தண்டின் மேல்முனைச் சாய்வு ஒன்றாகவும் கீழ்முனைச் சாய்வு வேறொன்றாகவும் ஆயின. நடுக்கத்தின் காரணம் இதுவே. அந்நடுக்கம் மூட்டின் உருளைகளைத் தின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, சாலிஸ்பரி அச்சின் மூக்கு நீளமானது. அதைப் போட்டால் தண்டு குட்டையாக வேண்டுமே. இப்போது வாங்கினால் இரட்டைச் செலவல்லவா?" என்று கேட்டார் தோட்டக்காரர்.

கேள்வி நியாயமானதுதான். பட்டறைக்காரர் மறுக்கவில்லை. "தண்டை வெட்டிக் குறுக்கலாம், மீண்டும் பற்றவைத்து எடையைச் சமன்செய்யலாம். அதற்கு ஒரு செலவு உண்டு. ஆனால் மூட்டுகளும் கவைகளும் அப்படியே பயன்படும். இன்றைய நிலையில் புதிய அச்சைப் போட்டால், அடுத்து முறியப்போவது இந்த மூட்டுத்தான். உன் வண்டியின் கைப்பிரேக்கு எங்கே இருக்கிறது, தெரியுமா?"

தோட்டக்காரர் விழித்தார். பல்லாண்டு ஓட்டியும் அவர் அறியாத செய்தி அது. அவ்வகை லேண்ட் ரோவரில் கைப்பிரேக்கு சக்கரங்களில் இல்லை. கியர்ப் பெட்டியின் பின்னால், தண்டு தொடங்கும் இடத்தில் உள்ள உருளையைத்தான் அது இறுகப் பற்றுகிறது. தண்டு சக்கரங்களைப் பற்றி நிற்கிறது. முன்சக்கரங்களுக்கு இயக்கம் இணைக்கப்படாதபோது பின்தண்டின் மூட்டு விட்டுப்போனால், நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் வண்டி நிற்காது.

அவருடைய தோட்டமோ மலைச்சரிவில் இருந்தது. நாள்தோறும் வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டு, கீழ்ப்புறத்தில் நின்றபடி கோசுக் கூடைகளை ஏற்றுவோர் அவருடைய மனைவியும் மகனும் இரண்டு தொழிலாளர்களும். அவர்களுடைய உயிர் ஒரு விரற்கடை நீளமுள்ள உருளைகளை நம்பி நின்றது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தண்டையே முதலில் போடுங்கள், அண்ணே" என்றார்.

பட்டறைக்காரர் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் இடையே ஆப்பு வைத்து மூக்கைத் தாழ்த்தினார். சாய்வு குறையவில்லை, ஆனால் இருமுனையிலும் சமமாயிற்று. சாய்வு மிகுந்தாலும் முட்டிக்கொள்ளாத அகலக் கவைகள் கொண்ட தண்டைத் தேர்ந்தார். வண்டி தன் சக்கரங்களின் மீதே நிற்கும்போது நீளத்தை அளந்தார். தூக்கி நிறுத்தி அளந்தால் அச்சு தொங்கி, அளவு பொய்க்கும். வேலை முடிந்ததும் சரிவில் நிற்கும்போது சக்கரத்திற்குக் கட்டை வைக்கும் வழக்கத்தையும் வற்புறுத்தினார்.

மறு ஆண்டு சாலிஸ்பரி அச்சு வந்தது. தண்டு வெட்டிக் குறுக்கப்பட்டது. முன்னரே சொன்ன செலவு ஆகத்தான் செய்தது. தோட்டக்காரர் முணுமுணுக்காமல் கொடுத்தார்.

வலிமை வேண்டுவோர் பெரிய உறுப்பையே முதலில் நாடுகின்றனர். அச்சு பெரிது, கண்ணுக்குத் தெரிவது, அயலார்க்குக் காட்டத் தக்கது. இணைக்கும் பொருளோ இரண்டுக்கும் நடுவே மறைந்து கிடக்கிறது. ஆனால் வண்டி உயர்ந்தபோது அதன் சுமையை முதலில் ஏற்றது அதுவே. அச்சு முறியும் கதையைச் சொன்ன அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், ஆராய வேண்டிய வலிமைகளுள் துணைவலியையும் ஒன்றாக வள்ளுவர் வைத்திருக்கிறார். சரிவில் நிற்கும் வண்டிக்கும் அது பொருந்துகிறது.