வாழைப்பழ மேசையின் பூர்வீகம்

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அதையொட்டித் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடக்கும் கண்காட்சிகளில், புகை கக்கும் எரிமலைக்கும் சொட்டுநீர்ப் பாசன மாதிரிக்கும் நடுவே இப்போது ஒரு மேசை இடம்பிடித்துவிட்டது. நன்றாகக் கனிந்த வாழைப்பழம், கல் உப்பு, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், டீ வடிகட்டி, ஐஸ் பெட்டிக்குள் மருந்துக் கடை ஸ்பிரிட். பழத்தைப் பிசைந்து, உப்பும் சோப்பும் கலந்த தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, கண்ணாடிக் குழாயில் ஊற்றுகிறார்கள். குளிர்ந்த ஸ்பிரிட்டைக் குழாயின் ஓரமாக மெல்ல விட்டதும் இரண்டு திரவங்களும் சேரும் எல்லையில் வெள்ளையாக எதுவோ திரண்டு மேலே கிளம்புகிறது. டிஎன்ஏ என்கிறார்கள். “சளி மாதிரி இருக்கு” என்கிறார்கள் பிள்ளைகள். இரண்டு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது.

அப்படி ஒரு மேசையருகே பேரனோடு நின்றிருந்த பாட்டி, விளக்கிக்கொண்டிருந்த கல்லூரி மாணவனிடம் கேட்டார்: “சோப்பும் உப்பும் போட்டா வரும்னு மொதல்ல யாருப்பா கண்டுபிடிச்சது?”

“வாட்சன், கிரிக்னு ரெண்டு பேரு பாட்டி.”

“அவங்க ஊர்லயும் வாழைப்பழம் கிடைக்குமா தம்பி?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது சரியான கேள்வியாகப் பட்டது. வாட்சனும் கிரிக்கும் எதிலிருந்தும் டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தவர்கள் இல்லை. தகடும் கம்பியும் வைத்து மாதிரி கட்டி, அதன் வடிவத்தைச் சொன்னவர்கள். அப்படியானால் இந்தச் சமையல் குறிப்பு யாருடையது? மேசையில் இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

உப்பின் வழி நியூயார்க்குக்குப் போனது. 1940களில் ஆல்ஃபிரட் மிர்ஸ்கியும் ஆர்தர் பொலிஸ்டரும், கடல்நீரைவிட அதிகம் கரிக்கும் உப்புக் கரைசலில் செல்களைப் போட்டால் உட்கருவில் இருப்பது கரைந்து வெளியே வருகிறது என்று காட்டினார்கள். சோப்பு கொஞ்சம் பின்னால் வந்தது. ஷாம்பு, பற்பசைகளில் சேர்க்கப்படும் சோடியம் டோடெசில் சல்ஃபேட்டை 1952இல் கே, சிம்மன்ஸ், டவுன்ஸ் என்ற மூவர் இந்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள். செல்லுக்கும் அதன் உட்கருவுக்கும் உறையாக இருப்பது கொழுப்பு. எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றுவது எதுவோ அதுவே இதையும் கழற்றும். 1961இல் ஜூலியஸ் மார்மூர் சோப்பு, உப்பு, ஆல்கஹால் மூன்றையும் ஒழுங்காக அடுக்கி, பாக்டீரியாவிலிருந்து டிஎன்ஏ எடுக்கும் முறையை எழுதிவைத்தார். உலகத்து ஆய்வகங்கள் பலவும் அதைப் பின்பற்றின. வாழைப்பழ மேசை மார்மூரின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். குளோரோஃபார்ம் போன்ற வேண்டாத சரக்குகளை மட்டும் வழியில் உதறிவிட்டது.

ஆல்கஹாலுக்கும், திரண்டதைச் சுருட்டி எடுக்கும் குச்சிக்கும் இன்னும் பின்னால் போகவேண்டும். 1944இல் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மக்லியாட், மக்லின் மக்கார்ட்டி ஆகியோர் நிமோனியாக் கிருமியை வைத்து, பரம்பரைக் குணத்தைக் கடத்துவது புரதமல்ல, டிஎன்ஏதான் என்று காட்டினார்கள். அந்தப் பொருள் ஆல்கஹாலில் இழை இழையாகப் பிரிந்து, கலக்கும் குச்சியில் சுற்றிக்கொள்வதை அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஐஸ் குச்சியை வைத்துச் செய்வது அதைத்தான். ஏவரிக்கு அப்போது ஓய்வு பெறும் வயதே தாண்டிவிட்டது. நோபல் பரிசு கடைசிவரை வரவில்லை.

ஏவரிக்குத் தூண்டுதல் பிரெடரிக் கிரிஃபித் என்ற ஆங்கிலேய மருத்துவர். செத்த கிருமியின் குணம் உயிருள்ள கிருமிக்குத் தொற்றுகிறது என்று எலிகளை வைத்து அவர் கண்டது அச்சில் வந்தது 1928 ஜனவரியில். அடுத்த மாதம் 28ஆம் தேதி கொல்கத்தாவில் சி.வி. ராமன் தன் ஒளிச்சிதறலைக் கண்டார். அந்த நாளைத்தான் நாம் அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். ஏப்ரலில் ஜேம்ஸ் வாட்சன் பிறந்தார். வரலாறு சில சமயம் வேண்டுமென்றே இப்படித் தேதிகளை அடுக்குமோ என்று தோன்றும்.

வாட்சன், கிரிக் பேரைக் கேட்டதும் ஞாபகத்துக்கு வரவேண்டிய இன்னொருவர் ருடால்ஃப் சிக்னர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக்காரர். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து மிகச் சுத்தமாக டிஎன்ஏ எடுத்தவர். 1950 மே மாதம் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்துக்கு 15 கிராம் கொண்டுவந்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டுப் போனார். மாரிஸ் வில்கின்ஸ் வாங்கிக்கொண்டது அதில் ஒரு பங்கு. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் 1952இல் எடுத்த, வடிவத்துக்குத் துப்புக் கொடுத்த புகழ்பெற்ற எக்ஸ்ரே படமான ‘51ஆம் படம்’ அந்தச் சரக்கில் எடுத்ததுதான். வடிவத்தைச் சொன்னவர்கள் பேர் எல்லாருக்கும் தெரியும். பொருளைக் கொடுத்தவர் பேரைப் பாடப்புத்தகத்தில் நான் பார்த்ததில்லை.

சில மேசைகளில் அன்னாசிச் சாறும் இருக்கும். டிஎன்ஏவைக் கட்டிப்பிடித்திருக்கும் புரதங்களை அறுப்பதற்கு. ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிறோமே, அதே வேலை. இதன் தலைமுறையைத் தேடித்தான் தூரம் போகவேண்டியிருந்தது. 1869, ஜெர்மனியின் டூபிங்கன். மலைமேல் ஒரு பழைய கோட்டை. அதன் பழைய சமையலறையில் ஃபெலிக்ஸ் ஹோப்-சைலரின் ஆய்வுக்கூடம் இயங்கியது. அங்கே வேலை பழக வந்தவர் பிரெடரிக் மீஷர், பாசல் நகரத்து மருத்துவர், வயது 24. காது சரியாகக் கேட்காது. நோயாளியிடம் பேசிப் பிழைக்க முடியாதென்று ஆராய்ச்சிக்கு வந்தவர்.

அவருக்கு வெள்ளையணுக்கள் வேண்டும். பக்கத்து அறுவைச் சிகிச்சை மருத்துவமனையிலிருந்து சீழ் ஊறிய கட்டுத்துணிகளை வாங்கிவந்தார். கிருமிநாசினி வழக்கத்துக்கு வராத காலம், சீழுக்குப் பஞ்சமில்லை. கெட்டுப்போன துணிகளை நாற்றம் பார்த்துக் கழித்துவிட்டு, மீதியைச் சோடியம் சல்ஃபேட் கரைசலில் அலசி அணுக்களைப் பிரித்தார். புரதத்தைக் கரைக்க நொதி வேண்டுமே? பன்றி இரைப்பையை அலசி அதிலிருந்து பெப்சின் எடுத்துக்கொண்டார். அன்னாசிச் சாற்றின் முன்னோர் அதுதான். எல்லாப் புரதமும் போன பிறகும் சாம்பல் நிறத்தில் ஒரு படிவு மிஞ்சியது. அதில் பாஸ்பரஸ் அதிகம், கந்தகம் இல்லை, ஆகவே புரதமல்ல. உட்கருவிலிருந்து வந்ததால் நியூக்ளின் என்று பேர் வைத்தார்.

ஹோப்-சைலர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தானே செய்து பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அச்சுக்கு விட்டார், 1871இல் வெளியானது. பாசலுக்குத் திரும்பிய மீஷர் ரைன் ஆற்று சால்மன் மீனின் விந்தணுவில் இதே பொருளை இன்னும் சுத்தமாக எடுத்தார். சூடு பட்டால் கெட்டுவிடும் என்பதால் குளிரில் ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்தார். காசநோய் வந்து 51 வயதில், 1895இல் இறந்தார். சால்மனிலிருந்து அவர் எடுத்த நியூக்ளின் ஒரு சிறு குழாயில் டூபிங்கன் கோட்டையில் இன்றும் இருக்கிறது.

ஆக, சமையல் குறிப்பின் பூர்வீகம் ஒரு கோட்டைச் சமையலறை. இனி, அந்த மேசையைப் பொதுமக்கள் முன்னால் கொண்டுவந்து போட்டது யார்?

அமெரிக்காவில் ஏப்ரல் 25 டிஎன்ஏ தினம். 1953இல் வாட்சன், கிரிக் கட்டுரை வெளியான நாள் அது. மனித மரபணுத் தொகுதியை வாசித்து முடித்த 2003இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. அங்கே மேசைக்கு வருவது ஸ்ட்ராபெரி. ஒவ்வொரு செல்லிலும் எட்டுத் தொகுதி குரோமோசோம் இருப்பதால் நிறையத் திரளும். நமக்கு ஏப்ரல் கடைசி பரீட்சையும் கோடை விடுமுறையும். அதனால் டிஎன்ஏ தினம் இங்கே எடுபடவில்லை. மேசை மட்டும் பிப்ரவரி 28க்கு இடம்பெயர்ந்து, பழம் வாழையாகிவிட்டது.

ஆனால் நம் பக்கத்து வரலாறு இரவல் வாங்கியதல்ல. ராமன் வேலை செய்த இந்திய அறிவியல் வளர்ச்சிச் சங்கம், மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் நன்கொடை திரட்டி 1876இல் தொடங்கியது. பொதுமக்களுக்குச் சொற்பொழிவு நடத்துவதே அதன் ஆரம்ப கால வேலை. நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா போன திருச்சிக்காரர் ராமன், காலையிலும் மாலையிலும் போய் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது அங்கேதான். மக்களுக்காகத் திறந்த கதவு வழியாகத்தான் ராமனின் நோபல் பரிசே உள்ளே வந்தது.

பிறகு 1962இல் கோழிக்கோட்டில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1984 டிசம்பரில் போபால் விஷவாயு. அறிவியலைப் பற்றி மக்களிடம் பேசுவதென்றால் அதன் அதிசயங்களை மட்டும் பேசினால் போதாது என்பது அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. முதல் அறிவியல் தினம் கொண்டாடிய 1987ஆம் ஆண்டிலேயே, காந்தி பிறந்த அக்டோபர் 2இல் தொடங்கி ராமன் பிறந்த நவம்பர் 7 வரை, ஐந்து முனைகளிலிருந்து பாரத் ஜன விஞ்ஞான் ஜாத்தா புறப்பட்டது. பாட்டு, வீதி நாடகம், தெருமுனைப் பேச்சு. எல்லா அணிகளும் கடைசியில் போய்ச் சேர்ந்த ஊர் போபால். மருந்து விலை என்ன, ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவனுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்ட மேடை அது.

என் தேடல் கொஞ்சம் கசந்தது இங்கேதான். மேசை இரண்டு வம்சங்களின் வாரிசு. மீஷர் வழியில் வந்த செய்முறை பத்திரமாக இருக்கிறது. ஜாத்தா வழியில் வந்த கேள்வியைக் காணோம். நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பம் பற்றி மக்கள் கூடி உரக்கப் பேசிய நிகழ்ச்சி எது என்று கேட்டால், எந்தக் கொண்டாட்டத்தையும் சொல்லமாட்டேன். 2010 ஜனவரி, பிப்ரவரியில் மரபணு மாற்றிய பிடி கத்தரிக்காயைப் பற்றி அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் நடத்திய கருத்துக்கேட்பைச் சொல்வேன். விவசாயியும் விஞ்ஞானியும் விதை வியாபாரியும் ஒரே அரங்கில் சத்தம் போட்டார்கள். பிப்ரவரி 9ஆம் தேதி அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. முடிவு சரியா தப்பா என்பதில் இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஓயாமல் இருப்பது நல்லதுதான். ஏழு ஊரில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை என்பது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

அடுத்த அறிவியல் தினத்துக்கு மேசை போடும் ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள்கள். வாழைப்பழத்தை விட்டுவிட்டு, ஊறவைத்து அரைத்த பச்சைப் பட்டாணி எடுங்கள். பழச் சாற்றில் ஆல்கஹால் பட்டால் பெக்டினும் சேர்ந்து திரளும், குழாயில் மிதப்பதில் பாதி அதுவாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. பட்டாணியில் அந்தத் தொல்லை குறைவு. அதன் மரபணுத் தொகுதி நம்முடையதைவிடவும் பெரியது. பட்டாணியிலும் திரள்வது சுத்தமான டிஎன்ஏ அல்ல, புரதமும் ஆர்என்ஏவும் கலந்த லட்சக்கணக்கான இழைகளின் கட்டு என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒற்றை இழையின் தடிமன் 2 நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியாது. ஸ்பிரிட் இருக்கும் மேசைப் பக்கம் ஊதுவத்தி, குத்துவிளக்கு வேண்டாம். குச்சியைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். எல்லாம் முடிந்ததும், பருத்தி விதை வாங்கும் பெற்றோர் ஒருவரைக் கூப்பிட்டு, நம் மாவட்டத்தில் விதை யாருடையது, விலையை யார் வைக்கிறார்கள் என்று பத்து நிமிடமாவது பேசவிடுங்கள்.